குன்றின்மேல் ஒரு மக்கள் கல்லூரி

சர்வகலாசாலை என்றதும் எம்மவர் மனக்கண்முன் தோன்றுவது பேராதனையின் பசும்புற்றரை அல்லது ஒக்ஸ்போட்டின் பழங்கோபுரங்கள். ஆறும் மரமும் அமைதியும் சூழ, ஊராரின் சந்தடி எட்டாத ஓரிடத்திற் குடியிருந்து கற்பதே உயர்கல்வி என்று எண்ணிப் பழகிவிட்டோம். யாம் ஈண்டுக் கூறப்புகும் கல்லூரி அத்தகையதன்று. பெருநகரின் நெருக்கடிக்கு நடுவே நிற்பது அது. அதன் மாணாக்கர் காலையில் நிலத்தடிப் புகையிரதத்தில் வந்து, மாலையில் அதே புகையிரதத்தில் பெற்றோரின் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ திரும்புவர். நியூயோர்க் நகரிலே சிற்றி கொலிஜ் என வழங்கும் நகரக் கல்லூரியே அது.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கதை எமது மலருக்கு எதற்கு என்று மூத்தோர் சிலர் கேட்கலாம். சங்கமாயினும் கல்லூரியாயினும், இளைஞர் ஒருபக்கமும் தலைவர் மறுபக்கமும் நின்று முறுகிக்கொள்ளும்போது, இருசாராரும் உச்சரிப்பது ‘தலைமை’ என்ற ஒரே சொல்லைத்தான். அச்சொல்லுக்கு அவரவர் கொள்ளும் பொருள்தான் வேறு. இந்தக் கல்லூரியின் வரலாற்றிலே அந்த முறுகல் இரண்டு முறை உச்சத்துக்குப் போயிற்று. இரண்டு முறையும் தலைவராயிருந்தவர்கள் நடந்துகொண்ட விதம் ஒன்றுக்கொன்று நேர்மாறானது. அதனாலேயே இக்கதை சொல்லத்தக்கது என்று எண்ணுகிறோம்.

முதலில் அதன் பிறப்பைச் சொல்லவேண்டும். தவுன்செண்ட் ஹரிஸ் என்பவர் பீங்கான் பாத்திரங்களை இறக்குமதி செய்து விற்ற வணிகர். பதின்மூன்று வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையிற் சேர்ந்தவர். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலிய பாஷைகளைத் தாமே முயன்று கற்றுக்கொண்டவர். தமக்குக் கிட்டாதது பிறர்க்குக் கிட்டவேண்டும் என்ற எண்ணம் அத்தகையோர்க்கு இயல்பு. எம் ஊர்களிலும் பள்ளிக்கூடம் கட்டியவர்களுட் பலர் பள்ளிக்கூடத்தை நிறைவாகக் காணாதவர்களே. 1846 ஆம் ஆண்டிலே ஹரிஸ் நியூயோர்க் நகரக் கல்விச் சபையின் தலைவரானார். நகரிலே தனவந்தரின் புதல்வர்க்குக் கல்லூரிகள் இருந்தன. தச்சனின் மகனுக்கும் வண்டிக்காரனின் மகனுக்கும் ஆரம்பப் பள்ளியோடு கல்வி முடிந்தது. பொதுப் பணத்திலே கட்டணம் இன்றி நடக்கும் ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்றும், செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் அங்கே ஒரே வாங்கிலிருந்து படிக்கவேண்டும் என்றும் அவர் வாதாடினார்.

வரிப்பணத்தை வீணாக்கும் முயற்சி என்று எதிர்ப்புக் கிளம்பாமலில்லை. கைத்தொழில் செய்பவனின் பிள்ளைக்கு இலத்தீன் எதற்கு என்று கேட்டோரும் உளர். 1847 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இவ்விடயம் நகர வாக்காளர் முன் வைக்கப்பட்டது. ஆதரவாக 19,404 வாக்குகளும் எதிராக 3,409 வாக்குகளும் விழுந்தன. ஓர் அரசன் கொடையாலன்று, ஒரு சமயசபையின் முயற்சியாலுமன்று, ஊர்மக்கள் வாக்கிட்டுத் தமக்கெனத் தாமே உண்டாக்கிய கல்லூரி என்பதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னால் எழுந்த வழக்குகள் யாவும் இதிலிருந்தே கிளைத்தன. ஹரிஸ் பிற்காலத்தில் யப்பானுக்கு அமெரிக்காவின் முதலாவது கொன்சலாகச் சென்று, 1858 இல் வணிக உடன்படிக்கை செய்தவர் என்பதே உலகம் அவரைப்பற்றி அறிந்தது. அந்த உடன்படிக்கையிலும் இந்தக் கல்லூரியே பெரிய காரியம் என்பது எமது எண்ணம்.

1849 ஜனவரியில் ‘இலவச அக்கடமி’ என்ற பெயரோடு அது திறக்கப்பட்டது. முதல் அதிபர் ஹொறஸ் வெப்ஸ்ரர், படைக் கல்லூரியிற் பயின்றவர். சலுகை பெற்ற சிலரது பிள்ளைகளையன்றி மக்கள் அனைவரது பிள்ளைகளையும் உயர்ந்த கல்விக்கு ஆளாக்கல் ஆகுமா, அத்தகைய தாபனத்தை மக்களின் விருப்பமே ஆளமுடியுமா என்று சோதித்துப் பார்க்கப்போகிறோம் என்ற கருத்துப்பட அவர் திறப்புவிழாவிற் பேசினார். ‘மக்கள் அனைவரும்’ என்ற சொல்லிலே பெண்பிள்ளைகள் அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவர்களுக்கென 1870 இல் வேறொரு கல்லூரி தோன்றியது. நகரக் கல்லூரியின் எல்லாப் பிரிவுகளும் பெண்களுக்குத் திறந்தது 1951 இலேதான். பெரிய கொள்கைகளைப் பேசுவோர் தம் வீட்டு முற்றத்தைக் காணாமற் போவது எந்தத் தேசத்துக்கும் பொதுவானது போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருஷியாவிலும் போலந்திலும் உருமேனியாவிலும் துன்புறுத்தப்பட்ட யூதர் இலட்சக்கணக்கில் நியூயோர்க்கிற் கரையேறினர். தையற் பட்டறைகளிலே பகலும் இரவும் உழைத்த அவர்கள் பிள்ளைகளைப் படிப்பிப்பதில் மட்டும் குறைவைக்கவில்லை. பட்டறையில் உழைக்கும் தகப்பன், புத்தகம் சுமக்கும் மகன் என்ற அந்தக் காட்சி யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமானதன்று. ஆனால் 1920 களிலே கொலம்பியா, ஹாவாட், யேல் முதலிய பெருங்கலாசாலைகள் யூதப் பிள்ளைகளின் தொகை கூடுகிறது என்று அஞ்சி, வெளிப்படையாகவும் மறைமுகமாகவும் வரம்பு கட்டின. நகரக் கல்லூரிக்கோ புள்ளிகளே அளவுகோல், கட்டணமும் இல்லை. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே குவிந்தனர். ‘ஏழைகளின் ஹாவாட்’ என்ற பட்டப்பெயர் அக்காலத்தில் எழுந்தது. போலியோ நோய்க்குத் தடுப்புமருந்து கண்ட யோனாஸ் சோல்க் 1934 இற் பட்டம் பெற்றவர். 1937 ஆம் ஆண்டு வகுப்பில் மட்டும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மூவர் இருந்தனர். இதுவரை அக்கல்லூரியின் பட்டதாரிகள் பத்துப்பேர் அப்பரிசைப் பெற்றுள்ளனர்.

1907 ஆம் ஆண்டிலேயே கல்லூரி ஹாலம் பகுதியிலுள்ள ஒரு குன்றின்மேல் இடம்பெயர்ந்துவிட்டது. அந்நகரத்து நிலத்தடியிற் கிடைக்கும் கரும்பாறையாற் கட்டி, வெண்ணிறச் சுடுமண் அலங்காரங்கள் பதித்த கோபுரக் கட்டடங்கள் அவை. பார்வைக்கு ஒக்ஸ்போட் போலத் தோன்றும். வாழ்க்கையோ முற்றிலும் வேறு. பெரும்பாலானோர்க்கு விடுதி இல்லை. ஐந்து சதம் கொடுத்துப் புகையிரதம் ஏறி, கடதாசிப் பையிற் கட்டிய மதிய உணவோடு வருவார்கள். அந்த உணவை இருந்து உண்ணும் இடமே அவர்களுடைய உண்மையான சர்வகலாசாலையாயிற்று.

அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்திலே சிற்றுண்டிச்சாலை இருந்தது. அதன் சுவரோரத்தில் மாடங்கள் போன்ற சிறு உள்ளறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசையும் சில வாங்குகளும். எவர் எழுதி வைத்த விதியும் இன்றி ஒவ்வொரு மாடமும் ஒவ்வொரு கூட்டத்தார்க்கு உரியதாயிற்று. சமய ஆசாரம் தவறாத யூதர்க்கு ஒன்று, கத்தோலிக்கர்க்கு ஒன்று, விளையாட்டு வீரர்க்கு ஒன்று. 1930 களின் பிற்பகுதியில் முதலாம் மாடம் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகளுக்கும், இரண்டாம் மாடம் ஸ்டாலினை ஆதரித்த கம்யூனிஸ்டுகளுக்கும் இடமாயின. இரண்டுக்கும் இடையே சில அடி தூரந்தான்; வாதமோ ஓயாத வாதம். ஒரு மாணவன் பாடத்துக்குப் போய் வந்து, தான் விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடரலாம். அவன் திரும்பிவரும்வரை அது அங்கே நடந்துகொண்டிருக்கும்.

முதலாம் மாடத்திலிருந்து வந்தவர்களே ஏர்விங் ஹோ, டானியல் பெல், ஏர்விங் கிறிஸ்டல், நேதன் கிளேசர் என்னும் நால்வர். அமெரிக்க அறிவுலகம் அரை நூற்றாண்டுக்கு இவர்கள் பேச்சைக் கேட்டது. அவர்களுள் ஒருவர் இறுதிவரை சோஷலிஸவாதியாகவே இருந்தார்; இன்னொருவர் வலதுசாரிகளுக்கு ஆசான் ஆனார். ஒரே வாங்கிலிருந்து எழுந்தவர்கள் இப்படித் திசைக்கொருவராய்ப் போனது அந்த வாங்குக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று. இரண்டாம் மாடத்தாரோடு பழகி, 1939 இற் பட்டம் பெற்ற பொறியியல் மாணவன் யூலியஸ் றோசன்பேர்க்கின் கதை வேறு. சோவியத் நாட்டுக்கு உளவு பார்க்கச் சதி செய்த குற்றத்துக்காக 1953 இல் மனைவியோடு மரணதண்டனைக்கு ஆளானான்.

இந்தப் பிள்ளைகளை ஆளவேண்டியிருந்தவர் பிரெடெரிக் றொபின்சன். 1927 இலிருந்து 1938 வரை தலைவர். இவர் வெளியார் அல்லர். அதே கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியராகி, படிப்படியாக மேலேறியவர். ஆகவே மாணவரை எல்லாரினும் நன்றாக அறிந்திருக்கவேண்டியவர். 1933 ஆம் ஆண்டு மே 29 ஆம் திகதி விளையாட்டரங்கிலே மாணவர் படைப்பிரிவின் அணிவகுப்பு நடந்தது. முதலாம் உலகயுத்தத்தின் நினைவு மாறாத காலம். படைப் பயிற்சி கல்லூரிக்கு ஆகாது என்று ஒரு தொகுதி மாணவர் கூடிக் கோஷமிட்டனர். அணிவகுப்பைப் பார்க்க விருந்தினரோடு வந்த றொபின்சன் கோபம் தலைக்கேறி, கையிலிருந்த குடையை ஓங்கி மாணவர்மேற் பாய்ந்து அடித்தார்.

சர்வகலாசாலைத் தலைவர் ஒருவர் குடையால் அடிப்பது! மறுநாட் பத்திரிகைகள் இதை விடுமா? அன்று தொட்டு அக்கல்லூரி மாணவருக்குக் குடை ஒரு நகைச்சின்னமாயிற்று. கோபத்திற் செய்த காரியம் என்று ஒருவாறு மன்னிக்கலாம். பின்னர் நடந்தவை ஆறவமரச் செய்தவை. 1934 ஒக்டோபரில் முசோலினியின் நாட்டிலிருந்து வந்த மாணவர் குழுவைக் கல்லூரியின் பெருமண்டபத்தில் றொபின்சன் வரவேற்றார். வரவேற்புரை கூற வந்த மாணவர் பிரதிநிதி பாசிசத்தைக் கண்டிக்கத் தொடங்கவே மண்டபத்திற் கைகலப்பு மூண்டது. மாணவரின் நடத்தையைத் தெருப்பொறுக்கிகளுக்கே உரியது என்று தலைவர் இகழ்ந்தார். இருபத்தொருவர் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டனர். பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ‘நான் ஒரு தெருப்பொறுக்கி, பாசிசத்தை எதிர்க்கிறேன்’ என்ற கருத்தில் சின்னங்கள் செய்து சட்டையிற் குத்திக்கொண்டு திரிந்தார்கள். தலைவர் வீசிய வசையை அவர்கள் பதக்கமாக அணிந்த அன்றே அவரது அதிகாரம் போயிற்று எனலாம். ஆயினும் பதவியில் இன்னும் நாலு ஆண்டு இருந்தார். பழைய மாணவர் சங்கம் ஆராய்ந்து, மாணவரினதும் ஆசிரியரினதும் நம்பிக்கையைப் பெறுதற்கு வேண்டிய மனிதப் பண்பு அவரிடம் இல்லை என்ற கருத்தில் அறிக்கை விட்டது.

ஒன்று சொல்லவேண்டும். மாணவர் சொன்னதெல்லாம் சரி என்பதன்று எமது கருத்து. படைப் பயிற்சியைப்பற்றி அவர்கள் சொன்னது வாதத்துக்குரியது. அதே படைப்பிரிவிலேயே, இருபது ஆண்டுகளின்பின், யமேக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் ஒருவன் சேர்ந்தான். பாடங்களிற் சுமாரான புள்ளிகளே எடுத்த அவன், தன்னை ஒருவாறு நிலைநிறுத்திக்கொண்டது அந்த அணிவகுப்புத் திடலிலேதான். 1958 இல் நிலவியலிற் பட்டம் பெற்ற அவ்விளைஞன் கொலின் பவல். கறுப்பினத்தவருள் முதன்முதலாக அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவராகவும் பின் இராசாங்க அமைச்சராகவும் உயர்ந்தவர். பணம் கட்டிப் படிக்கும் வேறொரு சர்வகலாசாலையிலும் தமக்கு இடம் கிடைத்தது என்றும், பெற்றோரின் வசதியை எண்ணி நகரக் கல்லூரிக்குப் போனார் என்றும் அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

யுத்தகாலத்தையும் அதன் பின்னரான ஆண்டுகளையும் விரைவாகக் கடந்து செல்வோம். 1940 முதல் 1942 வரை மாநிலச் சட்டசபையின் விசாரணைக் குழு ஒன்று கம்யூனிஸ்டுகளைத் தேடியதில், நகரின் பொதுக் கல்லூரிகளில், அதிலும் பெரும்பாலும் இக்கல்லூரியில், ஏறக்குறைய ஐம்பது ஆசிரியரும் ஊழியரும் வேலை இழந்தனர். நாற்பது ஆண்டு கழித்து, 1981 இல், சர்வகலாசாலையின் ஆட்சிச் சபை அதற்கு வருத்தம் தெரிவித்தது. தத்துவஞானி பேட்றண்ட் றசல் 1940 இல் அங்கு நியமனம் பெற்று, கற்பிக்கத் தொடங்குமுன்னரே நீதிமன்றக் கட்டளையால் அதனை இழந்தார். 1949 இலே, யூதரை இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பேராசிரியரையும், விடுதியிற் கறுப்பின மாணவரை வேறாக வைத்த ஓர் அலுவலரையும் எதிர்த்து மாணவர் வகுப்புப் பகிஷ்காரம் செய்தனர். 1950 இல் யூதரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடிய கூடைப்பந்துக் குழு நாட்டின் இரு பெருஞ் சுற்றுப்போட்டிகளையும் ஒரே பருவத்தில் வென்றது. மறுவருடமே அக்குழுவிற் பலர் சூதாடிகளிடம் பணம் வாங்கிய குற்றத்துக்காகக் கைதாயினர்.

இனி இரண்டாவது தலைவர். பியூல் கலகர் வெள்ளையர், கிறிஸ்தவ போதகர். அலபாமா மாநிலத்திலே கறுப்பின மாணவர்க்கான ஒரு கல்லூரியிற் பத்தாண்டு தலைவராயிருந்தவர். நிறவேற்றுமை அமெரிக்காவின் மனச்சாட்சியைக் கறைப்படுத்துகிறது என்று 1946 இலேயே நூல் எழுதியவர். 1950 களின் தொடக்கத்தில் நகரக் கல்லூரிக்குத் தலைவராக வந்து, இடையிற் சிறிது காலம் கலிபோர்னியாவுக்குச் சென்றது தவிர, 1969 வரை இருந்தார். இவரிலும் பொருத்தமான ஒருவரைத் தேடினாலும் கிடைத்திராது.

ஆனால் கல்லூரி நிற்கும் குன்றைச் சுற்றிக் காலம் மாறிவிட்டது. ஹாலம் கறுப்பினத்தவரின் தலைநகர் போலாயிற்று. புவேர்ட்டோ ரிக்கோத் தீவார் ஆயிரக்கணக்கில் நகரில் வந்து குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்கள் நலிந்தவை. இலவசக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் பெருகப் பெருக, வேண்டிய புள்ளிகளும் ஏறிக்கொண்டே போயின. ஹாலத்துப் பிள்ளை தன் வீட்டுச் சாளரத்தால் அக்கோபுரங்களைப் பார்க்கலாம். உள்ளே போவது அரிது. 1965 இல் அத்தகைய பிள்ளைகளை ஆயத்தப்படுத்த ஒரு திட்டம் தொடங்கிற்று. ஓட்றி லோட், யூன் ஜோர்டன், ரோனி கேட் பம்பாறா, ஏட்றியன் றிச் முதலிய எழுத்தாளர்கள் அதிற் போதித்தார்கள். நல்ல திட்டம், ஆனால் சிறிது.

1969 ஏப்ரில் 22 ஆம் திகதி காலை கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர் இருநூறுபேர் வரை கல்லூரியின் தென்வளாகத்து வாயில்களைப் பூட்டி உள்ளே இருந்துகொண்டனர். அவர்கள் கேட்டவை ஐந்து. தம் இனத்தாரின் வரலாற்றைக் கற்பிக்கத் தனிப் பகுதி வேண்டும், அந்த ஆயத்தத் திட்டத்தை நடத்துவதில் தமக்கும் பங்கு வேண்டும் என்பன அவற்றுட் சில. எல்லாவற்றினும் கடுமையானது ஒன்று: நகர உயர்பள்ளிகளில் எந்த இனத்தார் எவ்வளவோ, கல்லூரிப் புதுமுக வகுப்பிலும் அவ்வளவு இருத்தல் வேண்டும். ‘ஹாலம் சர்வகலாசாலை’ என்று எழுதித் தொங்கவிட்டனர். சுற்றுப்புறத்து மக்கள் உணவு கொண்டுவந்து கொடுத்தனர்.

கலகர் என்ன செய்யக்கூடும்? ஓராண்டுக்கு முன்னர், ஒரு மைல் தெற்கேயுள்ள கொலம்பியாவில் இப்படி மாணவர் கட்டடங்களைப் பிடித்தபோது, தலைவர் நள்ளிரவிற் பொலீசாரை அழைத்தார். எழுநூறுபேர் வரை கைதாயினர். மண்டை உடைந்தவர் பலர். அத்தலைவரும் சில மாதங்களிற் பதவி விட்டார். கலகர் அழைக்க மறுத்தார். கல்லூரியை மூடி, இருவாரம் வரை அப்பிள்ளைகளோடு மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருந்து பேசினார். அவர்களை எதிரிகளாகக் கொள்ளவில்லை. அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

அது மேயர் தேர்தல் நடக்கவிருந்த ஆண்டு. வேட்பாளர் ஒருவர் நீதிமன்றம் சென்று, கல்லூரியைத் திறக்கவேண்டும் என்று கட்டளை பெற்றார். முற்றுகை செய்தோர் வெளியேறினர். பொலீசார் உள்ளே வந்தனர். வகுப்புக்குப் போக விரும்பிய வெள்ளை மாணவரும் போகவிடாத மற்றையோரும் தடியோடு மோதினர். மே 8 ஆம் திகதி ஒரு மண்டபம் தீயில் எரிந்தது. கலகர் பதவியைத் துறந்தார். குடையால் அடித்தவர் அதன்பின் ஐந்து ஆண்டு பதவியிலிருந்தார். அடிக்க மறுத்தவர் மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனார். வரலாறு இப்படித்தான் கூலி கொடுக்கிறது. அவர் தோற்றார் என்றே அன்று பலரும் எழுதினர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கொந்தளிப்பில் அக்கல்லூரியில் உயிர் ஒன்றும் போகவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்திலே ஒஹையோவின் கென்ட் நகரில் நாலு மாணவர் சுடப்பட்டு இறந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பேச்சுவார்த்தையில் முளைத்த திட்டம், புதுமுக இடங்களுட் பாதியைப் புள்ளிகளால் நிரப்புவது, மற்றப் பாதியை வறிய பகுதிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது என்பதாகும். தரப்படுத்தலைக் கண்ட எம்மவர்க்கு அது எத்தகைய நெருப்பு என்று விளக்கவேண்டுவதில்லை. இரவு பகலாகப் படித்த என் பிள்ளையின் இடத்தைப் பறித்து இன்னொருவனுக்குக் கொடுப்பதா என்று ஒரு தகப்பன் கேட்கிறான். நல்ல ஆசிரியரையே காணாத என் பிள்ளையை உன் பிள்ளையோடு ஒரே தராசில் நிறுப்பதா என்று மற்றத் தகப்பன் கேட்கிறான். இரண்டும் பொய்யல்ல. ஆசிரியர் சபை திட்டத்தைத் தள்ளிவிட்டது. கசப்பு முற்றி, எல்லாம் குலைந்துபோகும் என்று தோன்றியது.

அவ்வேளையில் நகர உயர்கல்விச் சபை வேறொரு வழியை எடுத்தது. இருக்கும் இடங்களைப் பங்கிடுவதை விட்டு, இடங்களைப் பெருக்கியது. நகரின் உயர்பள்ளிகளிற் சித்தியெய்தும் எவருக்கும், அந்நகரச் சர்வகலாசாலைக்கு உட்பட்ட கல்லூரிகளுள் ஒன்றில் இடம் உண்டு என்று 1969 யூலையில் முடிவு செய்து, 1970 செப்ரெம்பரில் நிறைவேற்றியும் விட்டது. அதற்கெனக் குறித்திருந்த ஆண்டு 1975, ஐந்தாண்டு முந்திற்று. முந்திய ஆண்டில் ஏறக்குறைய 20,000 ஆயிருந்த புதுமுக மாணவர் தொகை 35,000 ஆயிற்று. போராடியவர்கள் கறுப்பினத்தாரும் புவேர்ட்டோ ரிக்கோவாரும். எண்ணிக்கையிற் பெரும் பயன் பெற்றவர்களோ இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் வீட்டு வெள்ளைப் பிள்ளைகள். தெருவில் நின்று அந்த மாணவரை ஏசியவர்களுள் எத்தனைபேரின் தம்பி தங்கையர் அந்தக் கதவால் நுழைந்தனரோ!

கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை. உள்ளே வந்தவனுக்குக் கற்பிப்பது பல ஆண்டு வேலை. வகுப்பறைகள் போதாமல் வாடகை இடங்களிற் பாடம் நடந்தது. மில்ற்றனையும் சேக்ஸ்பியரையும் கற்பித்துப் பழகிய ஆசிரியர் முன்னே, ஒரு வசனத்தைப் பிழையின்றி எழுத முடியாத பதினெட்டு வயதினர் வந்து இருந்தனர். தரம் அழிந்தது என்று ஆசிரியர் பலர் நொந்தனர், சிலர் வெளியேறினர். அவ்வேளை எழுத்துப் பயிற்சிப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த மினா ஷோனசி என்ற மாது செய்த காரியத்தை எம் ஆசிரியர்கள் அவசியம் அறியவேண்டும். புதுமுக மாணவர் எழுதிய ஏறக்குறைய 4,000 பரீட்சைக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையும் ஏன் நேர்ந்தது என்று அவர் ஆராய்ந்தார். பிழைகள் மடமையால் விளைந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் எழுதியவன் மனத்தில் ஒரு நியாயம் இருந்தது என்று கண்டார். வீட்டிற் பேசும் பேச்சின் இலக்கணம் ஏட்டில் வந்து விழுகிறது; எழுதிப் பழகாத கை அச்சத்தால் வசனத்தை முறுக்கிவிடுகிறது; அரைகுறையாய்க் கற்ற விதியைப் பிள்ளை அளவுக்கு மீறிப் பின்பற்றிவிடுகிறான். காரணம் தெரிந்தபின் திருத்துவது இயலும். 1977 இல் வெளிவந்த அவரது நூல் அமெரிக்கா முழுவதும் எழுத்துக் கற்பிக்கும் முறையையே மாற்றியது. மறுவருடம் அவர் காலமானார்.

தலைமை என்ற சொல்லை எடுத்தோமே, அது கலகரின் நாற்காலியில் மட்டும் இருக்கவில்லை. சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் போகாமல், பிழையை நடுவில் வைத்து அதனோடு உட்கார்ந்த அம்மாதிடமும் இருந்தது. வாயிலைப் பூட்டிய இருபது வயதினரிடமும் இருந்தது. அவர்கள் செய்தது முழுவதையும் ஏற்காதவரும் அதை மறுக்கமாட்டார்.

இடைநடுவில் விட்டுப்போனோர் தொகை பெரிது என்பது உண்மை. அதனைக் காட்டியே இத்திட்டம் தோல்வி என்றோர் பலர். ஆனால் 1970 முதல் 1972 வரை அச்சர்வகலாசாலையிற் சேர்ந்த பெண்களை முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடி விசாரித்த ஆராய்ச்சி ஒன்று 2007 இல் நூலாக வந்தது. பத்துப்பேரில் ஏழுபேர் வரை, பிந்தியேனும், ஏதோ ஒரு பட்டத்தைப் பெற்றிருந்தனர். வேலை செய்து, பிள்ளை பெற்று, விட்டு விட்டுப் படித்து முடித்தவர்கள் அவர்கள். அவர்களின் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போயினர். நாலு ஆண்டு கணக்கு வைத்துப் பார்த்தவர்களின் கண்ணுக்கு இது தெரியவில்லை.

கட்டணமில்லாக் கல்வி மட்டும் நிலைக்கவில்லை. 1975 இல் நியூயோர்க் நகரம் கடனில் மூழ்கி முறியும் நிலைக்கு வந்தது. 1976 இன் நடுவில் அச்சர்வகலாசாலை சம்பளம் கொடுக்க வழியின்றி இருவாரம் மூடிக்கிடந்தது. திறக்கும்போது கட்டணம் வந்துவிட்டது. 1847 இலே வாக்காளர் கொடுத்த வாக்கு 129 ஆண்டு நின்றது. உள்நாட்டு யுத்தத்தையும் இரண்டு உலகயுத்தங்களையும், 1930 களின் பெரும் பஞ்சத்தையும் தாண்டி நின்ற அது, கறுப்பினப் பிள்ளைகள் பெருந்தொகையாய் உள்ளே வந்து ஆறு ஆண்டுக்குள் விழுந்ததைக் கவனித்தவர்கள் அங்கே பலர். காரணம் கடன்தான் என்போரும் உளர். இரண்டும் சேர்ந்ததே என்பது எமது கருத்து. எம் நாட்டில் 1945 இல் வந்த இலவசக் கல்வியைக் காற்றும் வெயிலும் போல் நிலையானதென்று எண்ணி இருப்போர் இந்த 129 ஆண்டுக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

1989 இற் கட்டணத்தை உயர்த்த முயன்றபோது நகரக் கல்லூரி மாணவரே முதலிற் கட்டடத்தைப் பிடித்தனர். மாநில ஆளுநர் அந்த உயர்வைத் தடுத்தார். 2006 இலேதான் கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவர் விடுதி எழுந்தது. சமூகவியலும் அரசியலும் கற்பிக்கும் பகுதிக்கு 2013 இற் கொலின் பவலின் பெயரைச் சூட்டினர். அவர் 2021 இல் காலமானார். இன்று அங்கே படிப்போரிற் பலர் டொமினிக்கன் குடியரசு, வங்காளதேசம், சீனம், மேற்கு ஆபிரிக்கா முதலிய தேசங்களிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகள். 137 ஆம் வீதிப் புகையிரத நிலையத்தின் சுவரிற் கல்லூரியின் பெயரும் எழுதியிருக்கிறது. காலையில் அவர்கள் அங்கே இறங்கி, தோளிற் புத்தகப் பையும் கையில் உணவுப் பொதியுமாய், முன்னோர் ஏறிய அதே மேட்டில் ஏறிப்போகிறார்கள்.